காவல் மக்களுக்கு, கையெழுத்து அதிகாரிக்கா?

(திருவனந்தபுரம் பழவங்காடியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பழவங்காடியிலிருந்து கிழக்கே பேருந்தில் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் அகத்தியமலைத் தொடரின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். அங்கே நெய்யாறு, பேப்பாறை சரணாலயக் காடுகளில் காணி மக்கள் வாழ்கின்றனர். கூட்டு வன நிர்வாகம் பற்றிக் காட்டையொட்டி வாழ்வோர் என்ன கருதுகின்றனர் என்ற கேள்விக்கு அவர்களது அனுபவமே போதிய விடையாகும்.

1987ல் ஓர் ஆய்வுக் குழுவிற்கு வழிகாட்டிச் சென்ற காணிகள் களைப்பைப் போக்கும் ஒரு காயைத் தின்றதோடு உடன் வந்தோருக்கும் தந்தனர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995ல் 10 லட்சம் ரூபாய்க்கு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. அத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. 1997ல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பன்னாட்டு அரங்குகளில் முன்மாதிரி எனப் போற்றப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் மருந்துக்கு வேண்டிய இலையை மக்கள் காட்டிலிருந்து எடுத்து விற்பதற்கு வனத்துறை இசையவில்லை. பணத்தில் பங்கு கிடைத்தது. இலையின் மீது அதிகாரம் கிடைக்கவில்லை.

கூட்டு வன நிர்வாகம் என்று அரசு அழைக்கும் ஏற்பாட்டிலும் இதே முடிச்சுதான். மேற்கு வங்கத்தின் மிதுனபுரி மாவட்டத்தில் அரபாரி என்னுமிடத்தில் 1970களின் தொடக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. சிதைந்த சால மரக் காட்டைச் சுற்றுக் கிராம மக்கள் காத்தால் அவர்களுக்கு வேலையும் விளைச்சலில் 25 சதவீதப் பங்கும் உண்டு என்று ஒரு வன அதிகாரி உறுதியளித்தார். காடு மீண்டது. 1989ல் இடது முன்னணி அரசு இம்முறையை விரிவுபடுத்தியது. 1990 ஜூன் 1ல் ஒன்றிய அரசும் சுற்றறிக்கை விடுத்தது. தமிழ்நாட்டில் 1997ல் ஜப்பானியக் கடனுடன் கிராம வனக் குழுக்களும், கேரளத்தில் 1998ல் உலக வங்கிக் கடனுடன் வன சம்ரக்ஷண சமிதிகளும் வந்தன. தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பர். செயலாளர் மட்டும் வனத்துறை ஊழியர். கணக்கும் கோப்பும் அவர் கையில். கடன் நிதி வற்றியதும் பல குழுக்கள் பெயரளவில் எஞ்சின. உடனே, “மக்களுக்கு அக்கறை இல்லை” என்று குறிப்பெழுத அதிகார வர்க்கம் தயங்கவில்லை!

அக்கறை இல்லையா? கூடலூர், கம்பம் பகுதித் தமிழ் மக்களுக்கும் நன்கு தெரிந்த பெரியாறு புலிகள் காப்பகத்தைப் பார்க்கட்டும். வயணைப்பட்டை திருடியதாக வழக்குகளைச் சுமந்து அலைந்தவர்கள், 1990களின் இறுதியில் சுற்றுச்சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரண்டு, அதே காட்டுக்குக் காவலரும் வழிகாட்டியுமாயினர். யானைத் தடமும் புலித் தடமும் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவுக்கு அதுவரை கிடைத்தது சிறை மட்டுமே. ‘வசந்த சேனை’ப் பெண்களோ ஊதியமின்றிக் காட்டைச் சுற்றிக் காவல் புரிகின்றனர். வாழ்வாதாரம் காட்டோடு பிணைந்தால் மக்கள் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதற்கு வேறு சான்று தேவையா? ஆயினும் அங்கும் செயலாளர் நாற்காலி வனத்துறையிடமே உள்ளது.

2006ல் இடதுசாரிகளின் விடாப்பிடியான போராட்டத்தோடு நிறைவேறிய வன உரிமைச் சட்டம் இந்த உறவைத் தலைகீழாக்கியது. சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை படைத்தது கிராம சபை. சாலக்குடி ஆற்றின் வாழச்சால் காடுகளில் பெரும்பாலும் காடர் வாழும் ஒன்பது குடியிருப்புகள் 2014ல் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவ்வுரிமையைப் பெற்றன. கேரளத்தில் இதுவே முதன்முறை. 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை அவர்கள் எதிர்த்தபோது அந்த எதிர்ப்புக்குச் சட்ட வலு இருந்தது. அத்திட்டம் குறித்து இடதுசாரிகளிடையிலேயே கருத்து வேறுபாடு நிலவியதை மறைக்க வேண்டியதில்லை. காட்டில் வாழ்வோரிடம் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் இரு கருத்துக்கு இடமில்லை.

அந்தக் கேள்வியையே ஒழிக்க முனைகிறது ஒன்றிய பாஜக அரசு. ஒடிசாவின் நியமகிரியில் 2013ல் உச்சநீதிமன்ற ஆணைப்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்ததைப் பெருமுதலாளிகள் மறக்கவில்லை. 2022ன் வனப் பாதுகாப்பு விதிகள், கிராம சபையின் இசைவுக்குக் காத்திராமலே காட்டைப் பிற பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசு இறுதி ஒப்புதல் வழங்க வழி திறந்தன. 2023ன் சட்டத் திருத்தம் பல வகைக் காடுகளைப் பாதுகாப்பு வளையத்திற்கு வெளியே தள்ளியது.

ஆகவே விதிகள் திரும்பப் பெறப்பட வேண்டும். வன சம்ரக்ஷண சமிதிகளின் கணக்கும் திட்டமிடலும் ஊர்க்கூட்டங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆரோக்கியப் பச்சையின் இலையை எப்போது, எவ்வளவு பறிப்பது என்பதைக் காணிகளின் சபையே தீர்மானிக்கட்டும்.