வாடகை வீட்டில் ஊராட்சிக்கு வாய் இல்லையா?

ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து நிற்கும் சிப்காட் தோழர்களே!

கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஏறுகிறவன் சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதை மூக்கால் தெரிந்துகொள்கிறான். அந்த நாற்றத்துக்கு நடுவேதான் குடிகாட்டிலும் செம்மங்குப்பத்திலும் லைன் வீடுகள் நிற்கின்றன. பத்துக்குப் பத்து அறை, மேலே சிமெண்ட் ஷீட். நைட் ஷிப்ட் போனவன் விரித்த பாயில் பகல் ஷிப்ட் முடித்தவன் படுக்கிறான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்கிறது அரசு. லைன் வீட்டில் குடியிருப்பவன் சப் மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டிலிருந்தே காசு கொடுக்கிறான். அட்வான்ஸ், வாடகை, கரண்ட் எல்லாம் போக ஒப்பந்தத் தொழிலாளி கையில் என்ன மிஞ்சுகிறது? முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள்!

நான் கேட்பது இதுதான். இருபது அறை கட்டி வாடகைக்கு விடுகிறவரிடம், "நாலு அறையைக் கூலிக்காரன் தாங்குகிற வாடகைக்கு விடு" என்று சொல்லும் அதிகாரம் நம் ஊராட்சிக்கு உண்டா? கிடையாது! அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிக்குரிய வேலையாக ஊரக வீட்டுவசதி என்று எழுதியிருக்கிறது. எழுதி முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அதிகாரமோ சென்னையை விட்டு நகரவில்லை. கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனதே, வாடகைக்காரனுக்கு என்ன வந்தது?

சென்னையில் ஒரு விதி போட்டார்கள். 2008-இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டத்தில் 10 சதவீத இடத்தைக் குறைந்த வருமானக்காரருக்கு ஒதுக்கச் சொன்னது. வீடு 45 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றது. நல்ல விதிதான். ஆனால் விற்பனையை மனத்தில் வைத்து எழுதியது. 10,000 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இங்கே லைன் வீடு எழும்புவது ஐந்து சென்ட்டில், பத்து சென்ட்டில். அப்படிப்பட்ட விதியை இங்கே கொண்டுவந்தாலும் நம் தெருவுக்குள் நுழையாது. நியாய வாடகை கேட்டு வழக்குப் போட இடம் கொடுத்த 1960-ஆம் வருஷத்துச் சட்டமும் 2019 பிப்ரவரி 22-ஆம் தேதியோடு போயிற்று. இப்போது ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வாடகை. எழுதுகிறவர் யார், கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அரசால் முடியாதா? வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 18,720 பேர் தங்கும் விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்ததே! அங்கே முடிந்தது கடலூர் சிப்காட்டில் ஏன் முடியவில்லை?

"கட்டுப்பாடு போட்டால் யாரும் கட்டமாட்டார்கள்" என்கிறார்கள். லோன் போட்டு இரண்டு அறை கட்டிய விதவைத் தாயை நாம் தொடவில்லை. பத்து அறைக்கு மேல் கட்டுகிறவரைத்தான் கேட்கிறோம். அவருக்குச் சொத்து வரியில் சலுகை கொடுங்கள், கூடுதலாக ஒரு மாடிக்கு அனுமதி கொடுங்கள். ஏழைக்கு ஒதுக்கிய அறையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இப்படிக் கேட்டபோது, முதல் வாடகையை முடிவு செய்வது கட்டடக்காரரின் உரிமை என்று 2009-இல் கோர்ட் தடுத்தது. கலிபோர்னியா சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை. 2017-இல் தனிச் சட்டம் போட்டு, வாடகைக் குடியிருப்பிலும் பங்கு கேட்கும் அதிகாரத்தை நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் திருப்பிக் கொடுத்தது. கோட்டையில் இருப்பவர்களுக்கு அதே வேலையைச் செய்ய எது தடை?

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை. அங்கே நாம் கேட்பது இதுதான்: தொழிலாளிக்குக் கிடைக்கும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாத வாடகையில், பத்து அறைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டடத்திலும் ஐந்தில் ஒரு அறை. அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஊராட்சிக்கு. இதற்குச் சட்டத் திருத்தம். தீர்மானத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளுக்கு இங்கே ஓட்டு இல்லை, உள்ளூர்க்காரர்கள் நாம்தான் கை தூக்க வேண்டும். காலை பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து விழாமல் யாரும் வெளியே போகக் கூடாது!