பதினைந்து நொடியில் ஒரு நாள்

 

என் ஆய்வு, சரக்கு வாங்கி விற்கும் மென்பொருள் முகவர்களைப் பற்றியது. எதை, எப்போது, என்ன விலைக்கு வாங்குவது, யாருக்கு விற்பது என்று மனிதர் தலையிடாமல் தாமே முடிவெடுக்கும் நிரல்கள் இவை.

இவற்றை மோதவிட்டுப் பார்க்கும் போட்டி ஒன்று 2003இல் தொடங்கியது. வடிவமைத்தவர்கள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தாரும் ஸ்வீடன் கணினி அறிவியல் நிறுவனத்தாரும். ஆறு முகவர்கள், ஆளுக்கொரு கணினி ஆலை. உதிரிபாகம் வாங்கி, கணினியாகக் கூட்டி, ஏலத்தில் விற்க வேண்டும். ஒரு நாள் என்பது 15 நொடி. 220 நாள் ஆட்டம் 55 நிமிடத்தில் முடிந்துவிடும். வங்கிக் கணக்கில் அதிகம் வைத்திருப்பவர் வென்றவர்.

முதல் ஆண்டே ஒரு கூத்து நடந்தது. ஆட்டம் தொடங்கும்போது சப்ளையரிடம் எல்லாமே பாதி விலை. முகவர்கள் பலரும் முதல் நாளே ஆட்டம் முழுமைக்குமான சரக்கைக் கேட்டு முண்டியடித்தார்கள். கணினிகள் குவிந்து விலை சரிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முகவர் அரையிறுதியில் மற்றவர்களை மறிப்பதற்காகவே பெரிய ஆர்டர் கேட்டது. அதனால் வாங்கும் அளவு குறைந்து, மற்றவர்களுக்கும் லாபம் வந்தது! 2004இல் கிடங்குச் செலவைச் சேர்த்தார்கள். வெறி அடங்கவில்லை. 2005இல் சப்ளையர் விலை வைக்கும் முறையையே மாற்றினார்கள்.

முதலாளிக்கு நட்டம் என்றதும் விதி எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது பாருங்கள்.

என் சித்தி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் லேப்டாப்பில் ஆட்டத்தை ஓடவிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல நாங்க எங்கடா இருக்கோம்?" என்றார்.

தேடினேன். ஆலைக்கு ஒரு நாளைக்கு 2000 சுழற்சி. ஒரு கணினியைக் கூட்ட 4 முதல் 7 சுழற்சி. அவ்வளவுதான். தாமதத்துக்கு அபராதம் உண்டு, கடனுக்கு வட்டி உண்டு, கிடங்குக்குச் செலவு உண்டு. கூலி என்று ஒரு வரி இல்லை. ஆலை சும்மா கிடந்தால் முகவருக்கு ஒரு காசு நட்டமில்லை.

வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஏல உத்தியை ஆராய வந்தவர்கள், மற்றதை ஒதுக்கத்தான் செய்வார்கள். ஆனால் சித்தி வாழ்க்கையில் அந்த விதி அப்படியே இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் காலையில் கம்பெனி பஸ் எங்கள் சேரி முனைக்கு வராது. அன்றைக்குக் கூலியும் இல்லை. ஆர்டர் குறைவதை முடிவு செய்வது மேலாளரா, நிரலா என்பதுகூட அவருக்குத் தெரியாது. நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம் நிற்பதில்லை. நிரந்தரம் ஆனவர்கள் எந்தத் தெரு, பஸ் முனையில் காத்திருப்பவர்கள் எந்தத் தெரு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சும்மா கிடக்கும் சுழற்சிக்கும் கூலி என்று ஒரு வரி சேர்த்து ஓட்டிப் பார்க்கிறேன். ஆய்வுத் தலைப்புக்குள் வராது என்கிறார் வழிகாட்டி. அடுத்த மாதம் குழுவின் முன் வாதாட வேண்டும். கூலி எவ்வளவு போட்டாய் என்று சித்தி கேட்டார். சொன்னேன்.

"கம்மி" என்றார்.