முடிச்சில்லாத கட்டு

பழைய செய்தித்தாள் கட்டைப் பிரிக்கும்போது என்ன செய்கிறோம்? முடிச்சு அவிழாது. நகம் வலிக்கும். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிவிடுகிறோம். நல்ல சணல் கயிறு துண்டு துண்டாகக் குப்பைக்குப் போகிறது. எனக்கு மனசு கேட்பதில்லை.

இதற்கு ஒரு சின்னப் பலகைத் துண்டு போதும். மூன்று விரல் நீளம் இருக்கட்டும். இடது முனையில் ஒரு துளை. அதில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டிவிடுங்கள். அந்த முடிச்சு நிரந்தரம். வலது பக்கம் இன்னொரு துளை, கொஞ்சம் பெரியது. அதிலிருந்து வலது ஓரத்தை நோக்கி ஒரு கீறல். போகப் போகக் குறுகும் கீறல். ஆனால் ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது.

கயிற்றைக் கட்டைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். பெரிய துளைக்குள் கீழிருந்து மேலே விடுங்கள். இறுக்கி இழுத்து, கீறலுக்குள் தள்ளுங்கள். அவ்வளவுதான். நூல்கண்டின் ஓரத்துக் கீறல் நூல் நுனியைப் பிடித்துக்கொள்கிறதே, அதே மாதிரி.

இதில் அழகு என்னவென்றால், கட்டு விம்ம விம்ம, கயிறு குறுகிய பக்கமே போகும். பிடி இன்னும் இறுகும். ஆமாம், கட்டின் விசையே கட்டைப் பிடித்துக்கொள்கிறது.

பிரிக்க வேண்டுமா? கயிற்றைப் பெரிய துளைப் பக்கம் தள்ளுங்கள். விட்டுவிடும். கயிறும் முழுசாக இருக்கும், பலகையும் அதிலேயே இருக்கும்.

சணலுக்கு இது நன்றாகப் பிடிக்கும். நைலான் கயிறு வழுக்கும். அதற்கு மட்டும் மிச்ச நுனியைப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் கீறலில் செருகிவிடுங்கள்.