மீனவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாச்சு?



2011 மார்ச் 11. ஜப்பானில் நிலநடுக்கம், அடுத்து ஆழிப்பேரலை. புகுசிமா அணுமின் நிலையத்தில் மின்சாரம் போச்சு, குளிரூட்டல் நின்னு போச்சு. மூன்று உலைகள் உருகின. சீசியம் கடலில் கலந்தது. சீசியம் 137 பாதியாகக் குறையவே 30 ஆண்டு ஆகும்.

உருகிய எரிபொருளைக் குளிர்விக்க இன்னும் தண்ணீர் ஊத்திக்கிட்டே இருக்காங்க. அந்தக் கழிவுநீர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் 13 லட்சம் டன்னைத் தாண்டியது. எவ்வளவு சுத்திகரித்தாலும் டிரிட்டியம் போகாது.

சம்பந்தப்பட்டவர்கள் ஏற்காமல் கடலில் விடமாட்டோம் என்று 2015இல் புகுசிமா மீனவர்களுக்கு அரசும் நிறுவனமும் வாக்குக் கொடுத்தன. 2023 ஆகஸ்ட் 24 அன்று, மீனவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும்போதே திறந்துவிட்டார்கள்!

நீர்க்கச் செய்துதான் விடுகிறோம் என்கிறார்கள். பாதிப்பு மிகமிகக் குறைவு என்று சர்வதேச அணுசக்தி முகமையும் சொல்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும். ஜப்பான் மீனே வேண்டாம்னு சீனா அன்னைக்கே தடை போட்டதே, அந்த நட்டம் யாருக்கு? வலை வீசுறவனுக்குத்தானே!

உலை உருகியது அவன் குற்றமா? இல்லை. ஆனால் விலை கொடுப்பது அவன்.

புகுசிமாவைப் பார்த்துத்தான் அதே 2011இல் இடிந்தகரை மக்கள் கூடங்குளம் உலைக்கு எதிராகக் கடற்கரையில் உட்கார்ந்தார்கள். கடலை நம்பி வாழ்பவனைக் கேட்காமல் கடலைத் தொடாதே! இதைத்தான் நாம் கேட்கிறோம். சிந்தியுங்கள் உறவுகளே!