மாரி பார்க்கப் போவோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



புவியியல் ஆசிரியையாக எனது அனுபவங்களைப் பேசும்படி கேட்டிருந்தார்கள். முப்பது வருடம் வரைபடம் கீறப் படிப்பித்த கதையைப் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்க யாருக்கும் பொறுமை இராது. ஆகவே தலைவியின் அனுமதியுடன், நான் படிப்பித்ததில் எனக்கு மிகப் பிடித்த ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அது நமது மாரி.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் இங்கே வந்தால் ஒரு கேள்வி கேட்பார்கள். "மூத்தம்மா, உங்களுக்கு வின்டர் இல்லையா?" இருக்கிறது மகள். பனி கொட்டாது, அவ்வளவுதான். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நமக்குக் குளிர்காலம். ஒரு வருடத்தில் நமது கரையோரத்துக்குக் கிடைக்கும் மழை சுமார் 1,700 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு இந்த நான்கு மாதத்தில் கொட்டிவிடும். மிச்ச மாதங்களில் கச்சான் காற்று நம்மைக் கருவாடு போலக் காயவைக்கும். ஆகவே நமக்கு இருப்பது இரண்டே பருவம்: மாரி ஒன்று, மாரிக்குக் காத்திருப்பது மற்றொன்று. கல்முனைக்குடியில் பிறந்த கவிஞர் எம்.ஏ. நுஃமான் தமது கவிதைத் தொகுதி ஒன்றுக்கு 'மழை நாட்கள் வரும்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நம்பிக்கையைச் சொல்கிறது என்பதைக் கச்சானில் வாடியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாரி முழுவதும் ஒரே மழை என்று நினைக்காதீர்கள். ஒக்டோபரில் வருவது இடிமழை. பகல் முழுக்கப் புழுங்கும், அஸருக்குப் பிறகு மேற்கே கறுக்கும், மின்னும், முழங்கும், ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டு ஓடிவிடும். வெட்டவெளியில் மின்னல் ஆபத்து கூடிய காலம் இதுதான். டிசம்பர் மழை வேறு. வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகீழ்ப் பருவக்காற்று வரும். இடி முழக்கம் குறையும். சத்தமில்லாமல் இராமுழுக்கப் பெய்யும். சுபஹுக்கு எழும்பினால் முற்றம் குளமாக இருக்கும். முதல் மழைக்கு ஈசல் கிளம்புவதையும், மணலில் சிவப்பு வெல்வெட் பொட்டுப்போலத் தம்பளப்பூச்சி ஊர்வதையும் பார்த்த கண்கள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கும். நமது பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

இதைத்தான் நான் பேச வந்தேன். நமது ஊர்களில் மாரி என்றால் பெண்பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொள்ளும் காலமாகிவிட்டது. "நனையாதே, காய்ச்சல் வரும்." "கடற்கரைக்குப் போகாதே." "வட்டைப் பக்கம் என்ன வேலை?" டிசம்பர் விடுமுறையில் காக்காமாரும் தம்பிமாரும் தூண்டிலோடு விராலுக்கும் பனையானுக்கும் போய்விடுவார்கள். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்போது ஜன்னலும் இல்லை, போன்தான்.

மழை பெய்தபோது நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைச் சற்று விலக்கி மேனியில் மழை படவிட்டார்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. அதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு அனுமதி உண்டு என்பதே புதினம்.

உம்மாமாரின் பயம் வீண்பயம் என்று சொல்ல நான் வரவில்லை. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியை இங்கே ஐம்பத்தைந்து வயது தாண்டிய யாரும் மறக்கவில்லை. விடிந்து பார்த்தபோது தென்னந்தோட்டங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. 2004 டிசம்பர் 26 பற்றி இந்த மண்டபத்தில் நான் எதுவும் விவரிக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை வெறுமையாகாத வீதி இல்லை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வீடு திரும்பிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. விடுமுறைக்கு உம்மாவிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகள்.

இத்தனைக்குப் பிறகும் மாரி பார்க்கப் போவோம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வேறு வேறு ஆபத்துக்களை நாம் ஒரே பயமாகக் கட்டி வைத்திருக்கிறோம். சூனாமி மழையோடும் காற்றோடும் வந்ததா? வெயில் எறித்த ஞாயிறு காலையில் வந்தது. சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நமது கரைக்கு வந்தது. அதற்குப் பருவம் கிடையாது. நில அதிர்வு உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, எந்த மாதமானாலும் மேற்கே உயரத்துக்கு ஓட வேண்டும். சூறாவளியோ நாள் கணக்கில் முன்னறிவித்து வருவது. அதில் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒன்று, அதன் கண் கடக்கும் இடத்தில் காற்று சட்டென்று ஓய்ந்துவிடும் என்பது. முடிந்தது என்று வெளியே வந்தால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். வெள்ளம் மூன்றாவது. நம்மிடம் அடிக்கடி உயிர் கேட்பது இதுதான். இதைத்தான் நாம் ஆக இலேசாக எடுக்கிறோம்.

கிட்டங்கித் தாம்போதியால் நாவிதன்வெளிக்குப் படிப்பிக்கப் போய்வந்த டீச்சர்மார் இங்கே இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியும். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தால் வளர்ந்த ஒரு ஆளின் காலை வாரிவிடும். ஒரு அடி இருந்தால் சிறிய காரை நகர்த்தும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கும். "டயர் பெரிசு, போய்விடலாம்" என்ற கணக்கு ஓடும் வெள்ளத்துக்குப் பொருந்தாது. இன்னொன்று, நமது தலைக்கு மேல் மழை விட்டுவிட்டது என்பதற்காகத் தாம்போதியில் வெள்ளம் வற்றாது. மேற்கே பட்டிப்பளை ஆற்றுப் பக்கம் பெய்த மழை பல மணி நேரம் கழித்துத்தான் இங்கே வந்து சேரும். இங்கே வெயில் எறிக்கும்போதே அங்கே தண்ணீர் ஏறும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரமாவது போய்ப் பார்த்த பிள்ளை, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள். கதவுக்குள் வளர்ந்த பிள்ளை யார் ஏறச் சொன்னாலும் ஏறுவாள்.

இன்னும் ஒரு விஷயம். நமது பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். சீதனமாகக் கொடுக்கும் வீடு. எந்த மூலை ஒழுகும், முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், பக்கத்து வளவுக்காரர் மதில் கட்டினால் அந்தத் தண்ணீர் யாருடைய குசினிக்குள் வரும் என்பதெல்லாம் பெண்ணின் தலையில் விழும் கணக்கு. வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் மீது விழும் மழையை அவளுக்குக் காட்டாமல் வளர்ப்பது எப்படி நியாயம்?

சரி, பயத்தைப் பேசியது போதும். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் வழியைச் சொல்கிறேன்.

டிசம்பர் நடுவில், மழை விட்ட ஒரு காலையில், காரைதீவுச் சந்தியால் மேற்கே திரும்பி அம்பாறை வீதியால் போங்கள். முதலில் வெள்ள நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஒக்டோபரில் விதைத்த பெரும்போக வேளாண்மை முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். அந்தப் பச்சைக்குத் தமிழில் தனிப்பெயர் வேண்டும். வாடை வீசும்போது வயல் முழுக்க அலை ஓடும். கடல் நமக்குப் பின்னால் இருக்க முன்னாலும் ஒரு கடல். வரம்பில் கொக்கு நிற்கும். நத்தைகுத்தி நாரை சேற்றில் நத்தை தேடும். அதன் அலகை நன்றாகப் பாருங்கள், மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக இருக்கும். அவை நமது ஊர்ப் பறவைகள் அல்ல, வடக்கே ஆசியாவின் குளிரை விட்டு வந்தவை. ரொறன்ரோ ராத்தாமாரைப் போல டிசம்பருக்கு ஊருக்கு வருபவை. பேசாமல் பத்து நிமிடம் நின்றால் தவளைச் சத்தத்திலேயே இரண்டு மூன்று வகை பிரித்துக் கேட்கலாம். மழை கழுவிய வானத்தில் மேற்கே மலைகள் அன்றைக்கு மட்டும் பக்கத்தில் வந்ததுபோல் தெரியும்.

பிற்பகல் கடற்கரை. மாரியில் கரைவலை ஓய்ந்திருக்கும், தோணிகளை மேலே இழுத்து வைத்திருப்பார்கள். முகத்துவாரம் வெட்டிவிட்ட நாளானால் இன்னும் நல்லது. தேங்கிய வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு பாயும். தேநீர் நிறத்தில் ஒரு பட்டை நீலக் கடலுக்குள் வெகுதூரம் போகும், இரண்டும் உடனே கலக்காது. அந்தக் கோட்டை ஒரு பிள்ளை பார்த்துவிட்டால் ஆறும் கடலும் சந்திப்பதைப் பற்றி நான் கரும்பலகையில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் வெட்டிய வாயின் ஓரத்தில் நிற்க விடமாட்டேன். மணல் காலடியில் கரைந்து போகும். மாரிக் கடலில் இறங்கவும் விடமாட்டேன். அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் இருந்து பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவுங்கள். காலில் காயம் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. பிறகு இஞ்சிப் பிளேன்டீயும் அவித்த சோளனும். மருதமுனைப் பிள்ளைகள் மட்டும் இதற்கு முழுச் சம்மதம் சொல்லமாட்டார்கள். சாயம் போட்ட நூல் காயாமல் தறி நிற்கும் வீட்டில் மாரியை ரசிப்பது சிரமம்தான். அன்றாடம் கடலுக்குப் போகும் குடும்பத்துக்கும் அப்படித்தான். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் மாரி எவ்வளவு அழகு என்று நான் சொல்வதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். வாடையின் குணத்தை என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது. பெரிய திட்டங்கள் இருக்கட்டும். நான் இன்று ஒரு மழைமானி கொண்டு வந்திருக்கிறேன், அந்த மேசையில் இருக்கிறது. இதில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். நூறு சதுர மீற்றர் கூரையில் நூறு மில்லிமீற்றர் பெய்தால் பத்தாயிரம் லீற்றர். அது நம் வளவில் எங்கே போகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குக் கணக்குப் பார்க்கட்டும். மழைமானியோடு ஒரு கொப்பியும் வைப்போம். ஒவ்வொரு வகுப்பும் ஒரு வாரம் வாசிக்கட்டும். வருடத்துக்கு ஒரு தரம், டிசம்பரில், இரண்டு பஸ் பிடித்து மேல்வகுப்புப் பிள்ளைகளை வட்டைக்கும் கடற்கரைக்கும் கொண்டு போவோம். உம்மாமாரும் வரட்டும். அவர்கள் வந்தால்தான் பிள்ளைகளை விடுவார்கள். போகும் நாளை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்துத் தீர்மானிப்போம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைப்போம்.

மழைமானியை வைக்க அதிபர் இடம் தந்திருக்கிறார். மரமும் மதிலும் மறைக்காத இடம், விளையாட்டு மைதானத்தின் வடக்கு ஓரம். காலை 8.30க்கு வாசிக்க வேண்டும், திணைக்களமும் அந்த நேரத்தையே கணக்கில் எடுக்கிறது. பாடசாலை நாட்களில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். விடுமுறையில், நல்ல மழை பெய்யும் அந்த டிசம்பர் நாட்களில், யார் வாசிப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. பாடசாலைக்குக் கிட்ட வீடுள்ள இரண்டு பேர், குடையோடு வரக்கூடியவர்கள், சாப்பாட்டுக்குப் போகுமுன் அந்த மேசையில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.