ஆசிரியருக்கு ஆசிரியரே துணை

(வட்டுக்கோட்டையில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

வட்டுக்கோட்டை என்றதும் நாட்டில் உள்ளோர் பலருக்கு 1976ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் பண்ணாகத்தில் நிறைவேறிய தீர்மானமே நினைவுக்கு வரும். ஆனால் நாற்பது ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த எனக்கு, இவ்வூரின் பெயர் வேறொரு நினைவை எழுப்புகிறது. ஆசிரியர்கள் ஒருவரையொருவர் வளர்த்த ஊர் இது. அந்த மரபு நம் கையில் வாடிவிடலாமா என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் இங்கே செமினரியைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மதம் பரப்புவதே அவர்களுடைய நோக்கம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அக்கூரையின் கீழ் ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானநூலும் பயிற்றப்பட்டன. மேல்நாட்டுப் போதகரும் நம்மூர்த் தமிழாசிரியரும் அருகருகே நின்று கற்பித்தனர். நேற்று மாணவனாக இருந்தவன் இன்று ஆசிரியனாகி, தனக்குக் கற்பித்தவரின் பக்கத்து வகுப்பில் நின்றான். பூவருக்குப் பின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் கற்று, 1850களில் அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கற்பிக்க வந்தவரும் கற்க வேண்டியவராயினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1841இல் ‘உதயதாரகை’ எனும் இருமொழிப் பத்திரிகை எழுந்தது. அதன் ஆசிரியர்களாகிய ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் இந்தச் செமினரியில் கற்றவர்களே. கற்றதைத் தம்முள் வைத்துப் பூட்டாமல் ஊருக்கு விரித்தனர்.

1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற இளைஞர் மிசன் பணியை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் என்பது அமெரிக்கச் சபை கண்ட குறைகளுள் ஒன்று. கட்டடம் வெறிதாயிற்று; கற்றோர் கூட்டம் வெறிதாகவில்லை. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் யார்? இங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அல்லரோ? 1872இல் அதே மண்ணில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததற்கும் உள்ளூர் மக்களின் இடையறாத வேட்கையே பெருங்காரணமாயிற்று.

தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். அந்தப் பதிப்பைப் பரிசோதித்துக் கொடுத்தவர் யார்? நல்லூர் ஆறுமுக நாவலர்! ஒருவர் மிசன் கல்வியில் வளர்ந்தவர். மற்றவர் அந்த மிசன் கல்விக்கு எதிராக 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டவர். இருவரும் ஆசிரியப் பணி செய்தவர்கள். என் ஏட்டில் பிறர் கண் படுவதா என்று பிள்ளையவர்கள் தயங்கவில்லை. இதனால் எனக்கு என்ன இலாபம் என்று நாவலர் கேட்கவில்லை. அன்பர்களே, சகபாடியின் துணை என்று நாம் இன்று பேசுவதற்கு இதுவே இலக்கணம்.

அடுத்த நூற்றாண்டிலும் இம்மரபு அறவில்லை. 1921இல் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றிப் பிரவேச, பால, பண்டித பரீட்சைகளை நடத்தியது. பகலில் கற்பித்துவிட்டு இரவில் விளக்கின் முன்னிருந்து அப்பரீட்சைகளுக்குக் கற்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களை இம்மண் அறியும். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியராகிய ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1920களில் மாணவர் காங்கிரசை எழுப்பினர். அதுவே பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்து, 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. ஆசிரியர் நால்வர் கூடிப் பேசினால் நாடு அசையும் என்பதற்கு அக்காலம் சாட்சி.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

நான் பணியேற்ற முதல் ஆண்டில் ஒரு வகுப்பில் பின்னக் கணக்குக் கற்பித்தேன். முப்பது பிள்ளைகளில் ஐவர்க்கே விளங்கிற்று. பிள்ளைகள் மந்தம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருநாள், “தம்பி, நான் பின்வாங்கில் இருந்து பார்க்கட்டோ?” என்றார். எனக்கு உள்ளம் கூசிற்று, ஆயினும் இசைந்தேன். பாடம் முடிந்ததும் அவர் என்னைக் குறை கூறவில்லை. “மூன்றாவது வாங்கில் இருக்கிற பிள்ளை கால் என்பதையும் நான்கு என்பதையும் ஒன்றாக எண்ணுகிறது; அதைக் கவனித்தீரோ?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஒரு பனங்கிழங்கை நான்காக முறித்துக் காட்டினேன். அன்றுதான் நான் ஆசிரியன் ஆனேன். எந்தப் பயிற்சிக் கூடமும் தராத ஒன்றை அந்தப் பின்வாங்கு எனக்குத் தந்தது.

இன்று பயிற்சிக்குக் குறைவில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. கல்வியியற் கல்லூரிகள் உண்டு. அங்கே கட்டுறுபயில்வு உண்டு. ஆசிரிய ஆலோசகர் உண்டு. பாடசாலை மட்டத்தில் வாண்மை விருத்தி எனும் ஏற்பாடும் உண்டு. இத்தனையும் இருக்க, ஆசிரியன் ஏன் தனித்து நிற்கிறான்?

காரணங்களை ஒளிக்காமல் சொல்வோம். வாண்மை விருத்தி பல இடங்களிற் கோவையில் நடக்கிறது, வகுப்பறையில் நடப்பதில்லை. மேற்பார்வைக்கு ஆள் வரும் என்ற அச்சத்தில் படிவங்கள் நிரம்புகின்றன. தனியார் கல்வி நிலையங்களின் போட்டி, சக ஆசிரியனைச் சந்தை எதிராளியாக்கிவிட்டது. நல்ல வினாத்தாளும் நல்ல குறிப்பும் பூட்டிய பெட்டிக்குள் உறங்குகின்றன. இளம் ஆசிரியை ஒருத்தி தீவகத்துக்கோ வன்னிக்கோ நியமனம் பெற்றுப் போகிறாள். முதல் நாளே மூன்று வகுப்புகள் அவள் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. தெரியாததைக் கேட்டால் தகுதியற்றவள் என்பார்களோ என்று அஞ்சி அவள் வாய் மூடுகிறாள். அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவர் யார்? பிள்ளைகளே கொடுக்கிறார்கள்! தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத கூலித் தொழிலாளியின் பிள்ளை அதை இருமடங்காகக் கொடுக்கிறது.

1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்ததை உங்களுள் மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். தென்மராட்சியில் புத்தகமில்லை, வாங்கில்லை. அன்று குறிப்பேட்டை ஒளித்தவர் யார்? இருந்த ஒரு பிரதியை எல்லோரும் பார்த்தெழுதினோம். இழப்பில் கைகோத்த நாம், அமைதியில் கைவிடலாமா?

ஆகவே நான்கு செயல்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது: ஒவ்வொரு பாடசாலையிலும் வாரத்தில் ஒரு பாடவேளை ஆசிரியர் கூடுவதற்கென்றே நேரசூசியில் ஒதுக்கப்பட வேண்டும். அங்கே சுற்றறிக்கை வாசிக்கலாகாது. ஒரு பாடம், ஒரு பிள்ளையின் தவறு, ஒரு வினா, இவையே பேசப்பட வேண்டும். ஜப்பான் நாட்டில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தை வகுத்து, ஒருவர் கற்பிக்க மற்றையோர் பார்த்து, பின்னர் திருத்தும் வழக்கம் நூறாண்டுக்கு மேலாக நிலவுகிறது.

இரண்டாவது: வகுப்பறைக் கதவைத் திறவுங்கள். அழைப்பின் பேரில் மட்டும் ஒருவர் வகுப்புக்கு மற்றவர் செல்லட்டும். சென்றவர் ஆசிரியரை அளக்கலாகாது. பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அங்கு கண்டது அதிபரின் கோவைக்கும் இடமாற்றப் பட்டியலுக்கும் போகலாகாது. போகுமானால் கதவு மீண்டும் சாத்தப்படும்.

மூன்றாவது: புதிதாக வரும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் முதல் ஆண்டு முழுவதும் மூத்தவர் ஒருவர் துணையாக வேண்டும். அம்மூத்தவருக்கு அதற்கெனப் பாடவேளை குறைக்கப்பட வேண்டும். நன்றிச் சொல்லால் மட்டும் இப்பணி நடவாது.

நான்காவது: ஆசிரியரே இல்லாத பாடங்களுள்ள சிறு பாடசாலைகள், அயற் பாடசாலைகளோடு மாதம் ஒருமுறை கூடட்டும். அராலியில் உள்ளவர் சங்கானையில் உள்ளவரைத் தேடிப் போவதில் தாழ்வில்லை.

நம் சங்கங்களுக்கும் ஒரு சொல். சம்பளத்துக்காகப் போராடுவது நம் உரிமை. வயிறு காய்ந்தவன் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க இயலாது. ஆனால் கற்பதற்கான நேரமும் நம் உரிமையே! அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அந்த ஒரு பாடவேளையையும் எழுதுங்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம் பக்கம் நிற்பார்கள் என்பதில் ஐயமில்லை.

அரசு தரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நாளைக் காலை பாடசாலைக்குப் போங்கள். பக்கத்து வகுப்பில் திணறும் இளையவரிடம், “தம்பி, தங்கச்சி, நான் பின்வாங்கில் இருக்கட்டோ?” என்று கேளுங்கள். அதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு: மூத்தவர்களே, நீங்கள் கற்பிக்கையில் அந்த இளையவரை உங்கள் பின்வாங்கில் வந்திருக்க அழையுங்கள்.