கணக்கில் வராத இறக்கம்

பிரித்தானியத் தீவின் மேற்குப் புறத்தே அமைந்தது வேல்ஸ் நாடு. அதன் வடபாகத்து மலைகளிலே 3000 அடிக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் 15 உள. அவற்றுள் தலையாயது 3560 அடி உயரமுடைய ஸ்னோடன். வேல்ஸ் மக்கள் தம் மொழியில் அதனை எர் வித்வா என்பர். சமாதி மேடு என்பது பொருள். ஆர்தர் மன்னனால் வீழ்த்தப்பட்ட இராட்சதன் ஒருவன் அங்கே புதையுண்டான் என்பது பழங்கதை.

இச்சிகரங்கள் யாவற்றையும் ஒரே நாளில், வாகனத்தின் துணையின்றி, கால்நடையாகவே கடந்துவிட வேண்டும் என்பது மலைநடையில் ஈடுபாடுடையோரின் நெடுநாளைய ஆசை. முதற் சிகரத்திலிருந்து இறுதிச் சிகரம் வரை ஏறக்குறைய 24 மைல். கேட்பதற்கு இது பெருந்தூரமாகத் தோன்றாது. ஆயின், சிகரங்கள் ஒரே தொடரில் நிற்கவில்லை. ஸ்னோடன் தொடரிலே மூன்று, கிளதெரை தொடரிலே ஐந்து, கார்னெதை தொடரிலே ஏழு எனப் பிரிந்து நிற்கின்றன. தொடர்களுக்கிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்குகள். அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தை இருமுறை கைவிட்டு இறங்கி, மீண்டும் அடிவாரத்திலிருந்து ஏறவேண்டும்.

நடப்போர் விடியுமுன் புறப்பட்டு அந்தி சாயும் வரை உழைக்கும் இவ்வழியை ஓடியே கடப்போரும் உளர். 1988ஆம் ஆண்டில் கொலின் டொனெலி என்பவர் 4 மணி 19 நிமிடங்களில் ஓடி முடித்தார். 31 ஆண்டுகள் நிலைத்த அச்சாதனையை, 2019இல் பின்லே வைல்ட் என்பவர் 4 மணி 10 நிமிடங்களில் ஓடி முறியடித்தார். கத்தியின் விளிம்பையொத்த கிறிப் கோஹ் என்னும் பாறைமுகடும் அவ்வழியிலேயே உள்ளது என்பதை எண்ணினால், அவ்வேகத்தின் அருமை விளங்கும்.

எனினும், இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கடிகாரம் ஸ்னோடன் உச்சியிலே தொடங்கி, வொயில் வ்ராஸ் என்னும் கடைசிச் சிகரத்தின் உச்சியிலே நின்றுவிடுகிறது. தொடக்கத்து ஏற்றமும், முடிவிலே சாலையை அடையும் வரையுள்ள நீண்ட இறக்கமும் கணக்கிற் சேர்வதில்லை. ஓடியவருக்கும் நடந்தவருக்கும் அவை பொதுவானவை. காலையில் வெயிலாயிருந்த மலையை மாலையில் மூடுபனி மறைத்துவிடும். மழையில் நனைந்த பாறை வழுக்கும். தளர்ந்த கால் இடறும். உச்சியை அடைவதற்கே தம் வலிமை முழுவதையும் செலவிட்டவர், இறங்குவதற்கு வலிமையற்று நிற்பர்.

அத்தகையோரைத் தேடி, ஒக்வென் பள்ளத்தாக்கிலே 1965ஆம் ஆண்டு தொடங்கிய மலை மீட்புக் குழுவினர் இரவென்றும் மழையென்றும் பாராது ஏறுகின்றனர். அவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஒருவர் தம் வலிமையைப் பிழையாகக் கணித்தால், அப்பிழையைப் பிறர் தோளிலே சுமக்க நேர்கிறது.

ஆதலின், அனுபவமுடையோர் வரைபடமும் திசைகாட்டியும் கம்பளி ஆடையும் மறவாது கொண்டு செல்வர். எட்டுச் சிகரங்களைக் கடந்து ஒக்வென் சாலைக்கு இறங்கியதும், வானத்தையும் தம் கால்களையும் ஒருமுறை சோதிப்பர். இரண்டில் ஒன்று ஒவ்வாதெனினும் அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்வர். எஞ்சிய ஏழு சிகரங்களும் மற்றொரு நாளைக்கு அங்கேயே இருக்கும்.